மீனாவின் காறை

பிறக்கப்போகும் எதைப் பற்றியும் எங்கள் அப்பத்தாவுக்குச் சந்தேகம் வந்ததில்லை. வயிறு கூம்பியிருந்தால் ஆண், பரந்திருந்தால் பெண். உட்கார்ந்திருக்கும் பிள்ளைத்தாய்ச்சி வலது கையை ஊன்றி எழுந்தால் பேரன், இடது கையென்றால் பேத்தி. சினைப் பசுவை ஒரு சுற்று சுற்றி வந்து காளைக்கன்றா கிடாரியா என்று சொல்லிவிடுவார். பாதிக்குப் பாதி பலித்தது. பாதி பலிப்பதற்கு ஒருவருக்கு எதுவுமே தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று கணக்கு வாத்தியாரான என் அப்பா முணுமுணுப்பார். அப்பத்தா காதுபட அதைச் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவருக்கு மூன்று வருஷம் தண்ணி காட்டியது ஒரு பச்சைக்கிளி.

எழுபதுகளின் மதுரை. மாசி, பங்குனி பிறந்தால் மேலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆள் ஓலைப்பெட்டியோடு தெருவுக்குள் வருவார். பெட்டியைத் திறந்தால் உள்ளே கிளிக்குஞ்சுகள். தென்னைப் பொந்திலிருந்து எடுத்தது என்பார். இறகு முழுதாக முளைத்திருக்காது. தலை பெரிசு, வயிறு பெரிசு, நடுவில் ஒன்றுமில்லை. அழகென்று சொல்ல எதுவும் கிடையாது. ஆனாலும் தெருவில் பாதிப் பேர் வாங்கினார்கள். மீனாட்சி கையில் கிளி இருக்கிற ஊர். கோயிலுக்குள் கிளிக்கூட்டு மண்டபம் என்றே ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் அங்கே கூண்டுகளில் கிளிகளை வைத்து அம்மன் பெயரைச் சொல்லப் பழக்கியிருந்தார்கள். மண்டபம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, இன்று கிளி இல்லை. எங்கள் வீட்டுக் கிளிக்குப் பெயர் வைக்க யாரும் யோசிக்கவில்லை. மீனா.

பெயர் வைத்தாயிற்று, பெண்ணாகிவிட்டது. அதற்கு மேல் சோதனை எதற்கு? எதிர்வீட்டுக்காரர் மட்டும் தலை பெருத்திருக்கிறது, ஆணாக இருக்கும் என்றார். கோடி வீட்டுப் பெரியம்மா வாலைப் பார்த்துவிட்டுப் பெண் என்றார். பேசினால் ஆண், பேசாவிட்டால் பெண் என்று பால்காரர் ஒரு விதி வைத்திருந்தார். அந்த விதியை எந்த வீட்டிலிருந்து எடுத்தார் என்று தெரியவில்லை, எங்கள் தெருவில் அது எங்குமே செல்லுபடியாகாது.

பேச வைக்க வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினார்கள். என் தம்பிக்குப் பேச்சு வரத் தாமதமானபோது உரைத்த அதே வசம்புத் துண்டுதான். தம்பி பேசினான். மீனா சீட்டியடித்தது. பிறகு ஒருநாள் "யாரு, யாரு" என்று கேட்க ஆரம்பித்து, கடைசிவரை அந்த ஒரு கேள்வியோடு நின்றுகொண்டது.

சாப்பாடு என்று தனியாக எதுவும் கிடையாது. பச்சரிசி, நிலக்கடலை, வேலியில் பறித்த கோவைப்பழம், கூடவே பழுத்த மிளகாய். மிளகாயை ஒரு காலில் பிடித்துக்கொண்டு விதையை மட்டும் பொறுக்கித் தின்னும். அதைப் பார்க்கிறபோதெல்லாம் அப்பத்தாவுக்குப் பெருமை தாங்காது. "கண்ணுல தண்ணி வருதா பாரு. ரோசக்காரி!" மிளகாயின் காரம் பறவையின் நரம்புக்கு உறைப்பதே இல்லை என்பதும், அந்த மிளகாயிலும் பழத்திலும் இருந்த வைட்டமின் ஏ-தான் வெறும் அரிசியும் கடலையும் தின்ற கிளிக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்திருக்கும் என்பதும் நான் பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகு தெரிந்துகொண்டவை. ரோஷம் கொடுப்பதற்காக வைத்த மிளகாய், சத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

மூன்றாவது வருஷம் அது நடந்தது. மீனாவின் தாடையின் கீழிருந்து கறுப்பாக ஒரு வரி கிளம்பி இரண்டு பக்கமும் வளைந்து போனது. பின்கழுத்தில் ரோஸ் நிறத்தில் மெல்லிய கோடு. சில வாரங்களில் இரண்டும் சேர்ந்து கழுத்தைச் சுற்றி அச்சாக ஒரு வளையம். வீடே கூண்டின் கீழ் கூடிவிட்டது. அப்பத்தா தீர்ப்புச் சொன்னார்: "புள்ள வயசுக்கு வந்துருச்சு. நம்ம போடலைன்னு தானாவே காறை போட்டுக்கிச்சு பாரு."

பக்கத்துத் தெருவில் கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர் இருந்தார். எதற்கோ வீட்டுக்கு வந்தவர் கூண்டை ஏறிட்டுப் பார்த்தார்.

"ஆத்தா, இது ஆம்பளைக் கிளி. ஆணுக்குத்தான் கழுத்துல ஆரம் விழும். பெட்டைக்கு விழுகாது."

அப்பத்தா அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஏப்பா, காறை போட்ட ஆம்பளைய நீ எந்த ஊருல பாத்தே?"

கம்பவுண்டர் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது முழுக்கச் சரி. பச்சைக்கிளியில் ஆணுக்கு மட்டுந்தான் அந்தக் கழுத்து வளையம். அதுவும் இரண்டு, மூன்று வயதில்தான் தெளிவாக வரும். அதுவரை ஆண்குஞ்சும் பெண்குஞ்சும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் நகை போடுவது யார் என்ற கேள்வியில் மதுரை டவுனில் அப்பத்தாவை ஜெயிக்க இயற்கையால் முடியவில்லை. மீனா கடைசிவரை மீனாதான். தனக்குத் தெரிந்த ஆண்மை லட்சணம் அத்தனையையும், விழியைச் சுருக்கி விரிப்பது, தோளை உயர்த்திக்கொண்டு கம்பில் மிடுக்காக நடப்பது எல்லாவற்றையும், அது எங்கள் வீட்டுக் கண்ணாடி முன் செய்து காட்டியது. "சிலுப்புக்காரி" என்று அதற்கும் ஒரு பட்டம் கிடைத்தது.

இப்போது சென்னைக்கு வருகிறேன். மகன் வீட்டில், ஏழாவது மாடியில், பேத்திக்குப் பிறந்தநாள். கிளி வேண்டும் என்றாள். பச்சைக்கிளி வளர்க்கக் கூடாது என்று அவளுக்கே பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உள்நாட்டுப் பறவைகளின் வியாபாரத்துக்கே தடை. 2022-இல் சட்டத்தைத் திருத்தியபோது தண்டனையை இன்னும் இறுக்கினார்கள். இன்று அப்பத்தா இருந்திருந்தால் வனத்துறை ஆட்கள் வந்து மீனாவை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். வந்தவர்களுக்கும் காபி கிடைத்திருக்கும். ஆகவே ஆஸ்திரேலியாக்காரனான பட்ஜி. கடையில் போய் லவ் பேர்ட்ஸ் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்களே, அதுதான். 1840-இல் ஜான் கூல்ட் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோன நாளிலிருந்து உலகமெங்கும் கூண்டில் பெருகிய குலம். நம் சட்டத்தின் பட்டியலில் அது இல்லை.

கடைக்காரர் இளைஞர். கையைக் கூண்டுக்குள் விட்டு ஒன்றைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். அவர் சொன்ன பாடத்தை அப்படியே தருகிறேன், ஏனென்றால் அது நல்ல பாடம்.

"மூக்கு மேல இருக்குதே சார், இந்தச் சதை, இதப் பாக்கணும். பெருசுல நீலமா இருந்தா ஆம்பள, சந்தன நெறமோ காப்பி நெறமோ இருந்தா பொம்பள. குஞ்சுல அப்பிடி இல்ல. மூக்கு பூரா ஒரே ரோஸ் கலரா, கத்திரிப்பூ அடிச்சாப்ல இருந்தா ஆம்பள. வெளிர் நீலமா இருந்து ஓட்டையச் சுத்தி வெள்ளையா வளையம் இருந்தா பொம்பள. தெரியாதவங்க அந்த நீலத்தப் பாத்து ஆம்பளன்னு வாங்கிட்டுப் போயிருவாங்க."

"குஞ்சுன்னு எப்படித் தெரியும்?"

"நெத்தியில வரி பாருங்க. மூக்கு வரைக்கும் வந்துச்சுன்னா குஞ்சு. மூணு நாலு மாசத்துல இறகு உதிர்ந்தா நெத்தி வெள்ளையாவோ மஞ்சளாவோ ஆயிடும். கண்ணும் குஞ்சுல முழுக் கறுப்பா இருக்கும். அப்புறமாத்தான் சுத்தி வெள்ளை வரும்."

கழுத்தில் காறை, நெற்றியில் வரி, மூக்கில் வளையம். இந்த இனத்தைப் படைத்தவர் நகைக்கடையில் வேலை பார்த்தவராக இருக்க வேண்டும்.

பேத்தி இவ்வளவு பாடத்தையும் கேட்டுவிட்டு, இதில் எந்த விதிக்கும் அகப்படாத ஒன்றைக் கைகாட்டினாள். உடம்பெல்லாம் எலுமிச்சை மஞ்சள், சிவந்த கண். லுட்டினோ என்று சொல்கிறார்கள். உடலில் கறுப்பு நிறமியே இல்லாத ரகம், அதனால் நெற்றியில் வரி இருக்காது. அந்த ரகத்து ஆணுக்கு வயதானாலும் மூக்கு நீலமாவதில்லை, ரோஸாகவே நின்றுவிடும். கடைக்காரர் கொஞ்சம் தயங்கினார். பிறகு, "பொம்பளதான் சார்" என்றார். எந்தக் கடைக்காரரும் வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துத்தான் பாலினம் சொல்வார் என்பது என் அனுபவம். பேத்தி ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டாள். ஆலியா.

ஆனால் அவள் அப்பன் பொறியாளன். உறுதியாகத் தெரியாத ஒன்றை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள அவனால் முடியாது. டி.என்.ஏ. பரிசோதனை. மார்பிலிருந்து நாலைந்து சிறு இறகு. உதிர்ந்து கிடப்பது உதவாது. வேரோடு பிடுங்க வேண்டும், வேரில் ஒட்டியிருக்கும் செல்தான் அவர்களுக்கு வேண்டும். பிடுங்கியபோது ஆலியா கத்தியது, பேத்தி அதைவிடக் கத்தினாள். இறகை ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறையில் போட்டு, கூரியரில் அனுப்பி, கிளியின் விலையைவிட அதிகமாகப் பணமும் கட்டினான்.

பறவையில் விஷயம் தலைகீழ். நம்மில் பிள்ளை ஆணா பெண்ணா என்பது தகப்பன் கொடுப்பதைப் பொறுத்தது. பறவையில் தாயின் முட்டையைப் பொறுத்தது. ஆணுக்கு இரண்டு இசட், பெண்ணுக்கு ஓர் இசட்டும் ஒரு டபிள்யூவும். மூன்றும் பெண்ணாகப் பெற்றுவிட்டாள் என்று எங்கள் சொந்தத்தில் ஒருத்தியை எத்தனை வருஷம் சொல்லால் குத்தினார்கள்! அவள் கிளியாகப் பிறந்திருந்தால் அந்தப் பேச்சில் ஒரு துளி நியாயமாவது இருந்திருக்கும். இன்னொன்றும் தோன்றியது. கூரியர் அலுவலகத்துக்குப் போகிற வழியில் ஒரு ஸ்கேன் சென்டர். வாசலிலேயே பலகை: கருவின் பாலினம் அறிவதும் அறிவிப்பதும் தண்டனைக்குரிய குற்றம். 1994-ஆம் ஆண்டுச் சட்டம். அது இல்லாமல் முடியாத மண் இது. அதிலும் எங்கள் மதுரைப் பக்கத்துக்கு அந்தப் பலகை ஏன் வந்தது என்பது எனக்குத் தெரியும். அந்தப் பலகையைத் தாண்டித்தான் ஒரு கிளியின் பாலினம் கேட்டுப் பணம் கட்டிவிட்டு வந்தோம்.

சில நாளில் சான்றிதழே வந்தது. முத்திரை, கையெழுத்து, கறுப்புப் பட்டையில் ஒரு வெள்ளைக் கோடு. பெண்ணென்றால் இரண்டு கோடு விழுமாம். ஒன்றுதான் விழுந்திருந்தது. ஆண்.

பேத்தி படித்துப் பார்த்தாள். "பரவாயில்ல தாத்தா, ஆலியாதான்" என்றாள். ஐம்பது வருஷம், ஒரு சட்டம், ஒரு சட்டத் திருத்தம், இரண்டு குரோமோசோம், எல்லாம் தாண்டி வந்தும் அப்பத்தாவின் தீர்ப்பு நிற்கிறது.

ஆணென்று தெரிந்ததில் மகனுக்கு ஒரு சந்தோஷம். பட்ஜியில் பேசக் கற்பது பெரும்பாலும் ஆண்தான். கலிபோர்னியாவில் பக் என்றொரு ஆண் பட்ஜி 1,728 சொல் பேசி கின்னஸ் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. மருமகள் இதைக் கேட்டுவிட்டு, வீட்டில் பேசுகிற ஆண் ஒன்றாவது இருக்கட்டும் என்றாள். மகன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாலினம் ஒரு தாளில் முடிந்துவிட்டது. ஆரோக்கியம் அப்படி முடியவில்லை. சமையலறைத் தராசில் தினம் எடை. இந்த ரகம் சாதாரணமாக முப்பதிலிருந்து நாற்பது கிராம் இருக்கும். ஆலியாவின் எடை போனில் ஒரு கோடாக ஏறி இறங்கியது. தினை, சாமை, கொத்தமல்லித் தழை, துருவிய காரட். நான்ஸ்டிக் சட்டியை வீட்டைவிட்டே வெளியேற்றினார்கள், அது காய்ந்து புகைந்தால் வரும் ஆவியில் பறவை நிமிஷத்தில் செத்துப்போகும் என்பதால். அது உண்மைதான். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் மீனாவின் கூண்டுக்கு நேர் கீழே சாம்பிராணி போட்டோம், கண்ணேறு கழியட்டும் என்று. பறவையின் மூச்சுப்பை உடம்பெல்லாம் பரவியிருக்கிறது. நமக்கு மணக்கிற புகை அதற்கு என்னவாக இருந்திருக்கும் என்று இப்போது கேட்டு ஆவதென்ன.

கோடு இறங்க ஆரம்பித்தது. நாளுக்கு அரை கிராம், ஒரு கிராம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு இப்போது பறவைகளை மட்டும் பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கினான் மகன். போனில் அவர் போட்ட ஒரே நிபந்தனை: "கூண்டைக் கழுவாம, அடித்தாளை மாத்தாம அப்படியே கொண்டு வாங்க." மருமகளுக்கு வெட்கமாகப் போயிற்று. விருந்தாளி வீட்டுக்கு அழுக்குப் பாத்திரம் எடுத்துப்போவதா?

டாக்டரம்மா உடனே கிளியைத் தொடவில்லை. முதலில் தள்ளி நின்று பார்த்தார். மூச்சு விடும்போது வால் ஏறி இறங்குகிறதா, உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதா, சிறகு தொங்குகிறதா. பிறகு அடித்தாள். குனிந்து எச்சத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பச்சையாகச் சுருண்ட ஒரு பகுதி, அதன்மேல் வெள்ளை, சுற்றிலும் கொஞ்சம் ஈரம், மூன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்றார். அதற்கு அப்புறந்தான் ஒரு சிறு துண்டால் மூடிப் பிடித்தார். தலை இரண்டு விரலுக்கு நடுவில், உடம்பு உள்ளங்கையில், மார்பின்மேல் ஒரு விரல்கூட அழுத்தவில்லை. பறவைக்கு நம்மைப்போல உதரவிதானம் கிடையாது, மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தால் கைக்குள்ளேயே போய்விடும். கட்டைவிரலால் மார்பெலும்பை நீவினார். இருபுறமும் சதை உருண்டிருந்தால் சரி, கத்தி முனையாகத் தட்டுப்பட்டால் இளைத்திருக்கிறது. அலகோரம் பொருக்கு இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தால் செள்ளுப்பூச்சி. மூக்குத்துளை காய்ந்திருந்தது. பின்பக்க இறகு ஒட்டாமல் இருந்தது.

"நோய் ஒண்ணும் இல்ல. ராத்திரி எத்தனை மணிக்கு லைட் அணைக்கறீங்க?"

கூண்டு ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில். வீடு பன்னிரண்டு மணிக்குப் படுக்கும். இவ்வளவு சின்னப் பறவைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேர இருட்டு வேண்டும் என்றார். தினை போடுகிறோமே என்று மகன் சொன்னதற்கு, தட்டில் கிடப்பது தினையா உமியா என்று ஊதிப் பார்த்தீர்களா என்று கேட்டார். ஊதினால் பறந்தது. அத்தனையும் உமி. எடை ஏறி இறங்கியதைத் தினம் பார்த்தவர்களில் ஒருவரும் தட்டைப் பார்க்கவில்லை.

அப்பத்தாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. விடிந்ததும் வாசல் தெளிப்பதற்கு முன்னால், கூண்டுக்கடியில் விரித்த தினத்தந்தியை எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார். "பச்சையும் வெள்ளையுமாப் பிரிஞ்சு விழுந்துருக்கு, இன்னிக்கி நல்லாருக்கா" என்பார். அரிசித்தட்டை ஊதிவிட்டுத்தான் புதிதாகப் போடுவார். ஏழரை மணிக்குக் கூண்டின் மேல் பழைய சேலை மூடிவிடும். ஒற்றைக்காலில் தூங்கினால் தவம் என்பார்; அது நல்ல உடம்புக்கு அடையாளம் என்று டாக்டரம்மா சொன்னார்.

அதற்காக அவரை வைத்தியர் ஆக்க வேண்டாம். ஒரு கார்த்திகை அடைமழையில் மீனா இரண்டு காலிலும் நின்றபடி பந்தாக உப்பிக்கொண்டு கண்ணை மூடியிருந்தது. குளிருது என்று சாம்பிராணி போட்டார்கள். கம்பவுண்டர் கோழிக்குக் கொடுக்கிற மருந்தில் கொஞ்சம் கொடுத்தார். மறுநாள் காலையில் கூண்டுத் தரையில் கிடந்தது. கோடி வீட்டுப் பெரியம்மாவின் கண் பட்டுவிட்டது என்று முடிவானது. அந்தக் குடும்பத்தோடு கொஞ்ச காலம் பேச்சுவார்த்தை இல்லை.

குஞ்சு வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கடைக்குள் போனதும் கூண்டுக்குப் பக்கத்தில் போய்விடாதீர்கள். நோய்ப்பட்ட பறவைகூட ஆள் வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து நடிக்கும். காட்டில் இளைத்ததைத்தான் வல்லூறு முதலில் தூக்கும் என்பதால் அப்படிப் பழகியது. தள்ளி நின்று, அது உங்களை மறக்கும்வரை பாருங்கள். வீட்டுக்கு வந்தபின் தினமும் காலையில் அடித்தாளைப் பாருங்கள், தட்டை ஊதுங்கள். நீலமூக்கு ஆணுக்கு வயதான காலத்தில் மூக்கு காப்பி நிறமாக மாறினால் பெண்ணாகிவிட்டது என்று சிரிக்காதீர்கள், விரையில் கட்டி இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். ஆணா பெண்ணா என்பதற்கு ஆறு மாதம் காத்திருந்தால் பெரும்பாலான ரகங்களில் மூக்கே சொல்லிவிடும். ஒற்றையாக வளர்ப்பதென்றால் எதுவானாலும் ஒன்றுதான். ஜோடி என்றால் ஆணும் ஆணும் ஒத்துப்போகும். இரண்டு பெட்டைகளை மட்டும் ஒரே சின்னக் கூண்டில் அடைக்காதீர்கள், ரத்தம் வரும்வரை கொத்திக்கொள்ளும். ஓலைப்பெட்டியில் பச்சைக்கிளிக் குஞ்சு யாராவது கொண்டுவந்தால் வாங்க வேண்டாம்.